விடுதலைப் பத்திரம்

ஆரணிப் பக்கத்துத் திருமலையிற் பாறைமேல் இராசேந்திர சோழனது 13-ஆம் ஆட்சியாண்டுச் சாசனம் இன்றும் விளங்குகின்றது. கல்லிற் பொறித்தது நிலைக்குமென்பதை ஒப்புகின்றோம். ஆயின் அவ்வட்டாரத்துப் பட்டு நெசவாளரும் சிறு வணிகரும், தாளிலிட்ட கையொப்பத்தையும் அங்ஙனமே மாற்றவொண்ணாத கல்லெழுத்தாகக் கருதி அஞ்சுதல் வேண்டுவதன்று என்பதே நம் கருத்து.

பெருநிறுவனமொன்றின் பெயர்ப்பலகையை உரிமை பெற்று மாட்டிக் கடை நடத்துவதைப் பிராஞ்சைஸ் என்பர். ஒப்பந்தம் முடியும்போதோ புதுப்பிக்கும்போதோ, 'இனி யாதொரு பாத்தியமும் எனக்கில்லை' என்னும் விடுதலைப் பத்திரம் கடைக்காரர் முன் நீட்டப்படுவதுண்டு. விடுதலை பெறுவது யாரெனில், கையொப்பமிட்டவர் அல்லர்; நீட்டியவரே!

கட்டாயத்தாலோ வஞ்சனையாலோ தகாத செல்வாக்காலோ பெற்ற உடன்பாட்டை, உடன்பட்டவர் விரும்பின் தள்ளிவிடலாமென 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் விதிக்கின்றது. இவ்விதி ஏட்டளவினதன்று. சூரத்துப் பக்கத்து வெள்ளத்திற் சரக்கிழந்த போகரா பாலிஃபேப் என்னும் நிறுவனம், 'முழுதும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தந்தாலன்றிப் பணம் வாராதென்ற நிலையிற் கையொப்பமிட்டதாக, நேஷனல் இன்சூரன்ஸ் கம்பெனிமீது முறையிட்டது. பற்றுச்சீட்டு இருப்பதனாலேயே வழக்கு மாய்ந்துவிடாது, அது வற்புறுத்திப் பெற்றதா என்பதை நடுவர் விசாரிக்கலாமென உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது.

நிற்க. 2014-இல் ஜீனஸ் பவர் நிறுவனத்தின் வழக்கில் அந்நீதிமன்றமே வேறு முடிவு கண்டது. எதிர்ப்பின்றிக் கையொப்பமிட்டு, மூன்று வாரங்கழித்துக் கட்டாயமென்று வாயாற் சொன்னது போதாது, அதற்கு ஆதாரம் வேண்டுமென்றது. இது சற்றுக் கடுமையென்றே நமக்குத் தோன்றுகின்றது. கடை வாடகைக்குப் பணமின்றித் தவிப்பவர் தம் தவிப்புக்குச் சாட்சி வைத்துக்கொண்டா கையொப்பமிடுவார்? எனினும் விதி அதுவாதலின், கையொப்பமிட்டவுடன், கூடுமாயின் அன்றே, தேதியிட்ட எதிர்ப்புக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைக் காத்துக்கொள்வதே அறிவுடைமை.

கூலிபெறும் தொழிலாளர்க்கோ இன்னும் வலிய அரணுண்டு. சட்டப்படி தமக்குரிய ஊதியத்தை விட்டுக்கொடுத்ததாக அவர் எழுதித் தந்தாலும் அவ்வெழுத்துச் செல்லாதென, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 60-ஆம் பிரிவு கூறுகின்றது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறிடஞ் செல்லவொட்டாது தறியிற் பிணிக்கும் உடன்படிக்கையையோ, 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே வெறுந்தாளாக்கிவிட்டது. இங்கெல்லாம் வற்புறுத்தலை மெய்ப்பிக்க வேண்டிய சுமையே இல்லை.

இத்தகைய அரண் கடைக்காரர்க்கு ஏன் இல்லை? அமெரிக்காவிற் கலிபோர்னியா மாகாணம் 1970-இலேயே பிராஞ்சைஸுக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, அச்சட்டம் தரும் காப்பைத் துறக்கச் செய்யும் நிபந்தனை எதுவும் செல்லாதென வரைந்தது. நம் நாட்டில் அதற்கெனத் தனிச்சட்டமே இல்லை. தொழிலாளர்க்கு 60-ஆம் பிரிவு இருத்தல்போலக் கடைக்காரர்க்கும் ஒரு பிரிவைப் பாராளுமன்றத்தார் இயற்றவேண்டுமென்று கோருகின்றோம். அதுவரையில், சட்டம் பயிலும் நம் மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், தம் தெருவிலுள்ளோர் கையொப்பமிடுமுன் அத்தாளை ஒருமுறை வாசித்துப் பொருள் சொல்லலாமே.