குறுக்கினால் குற்றமா?

ஷேக்ஸ்பியருடைய சோக நாடகங்களைக் கார்ட்டூன் என்னும் சித்திரப் படங்களாக்கி, நாலு மணி நேரக் கதையை 25 நிமிஷத்தில் காட்டி விட்டதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு இருந்து வருகின்றது. "பெரியோர் வாக்கில் கை வைப்பது பாதகம்" என்பது படித்தவர்கள் சிலருடைய பேச்சு. "படத்தைப் பார்த்தாயிற்று, இனிப் புத்தகம் எதற்கு?" என்பது மற்றவர்களுடைய பேச்சு. இரண்டும் யோசனையற்ற பேச்சென்றே நாம் சொல்லுவோம்.

1992லும் 1994லும் ஆறும் ஆறுமாக 12 நாடகங்கள் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் இப்படி வெளிவந்தன. வேல்ஸ் நாட்டார் ஏற்பாடு செய்ய, ருஷியச் சித்திரக்காரர்கள் படமாக்கினார்கள். சுருக்கிக் கொடுத்தவர் லியோன் கார்ஃபீல்டு என்னும் கதாசிரியர். அவர் இடையிடையே கதை சொல்லுகிறவன் ஒருவனைப் பேச விட்டாரேயொழிய, பாத்திரங்களின் வாயில் ஷேக்ஸ்பியருடைய சொற்களையே வைத்தார். ஹாம்லெட்டைக் கண்ணாடியின் மேல் சாயத்தால் எழுதி, அதையே கொஞ்சங் கொஞ்சமாய் அழித்து மாற்றிப் படம் பிடித்தார்கள். அந்தப் பாடு சோம்பேறிகளால் ஆகிற காரியமா?

பாதகம் என்பவர்களை ஒன்று கேட்கின்றோம். எந்த ஹாம்லெட்டில் கை வைக்கக் கூடாது? 1603ல் அச்சான ஹாம்லெட்டில் சுமார் 2,200 வரிகள். அடுத்து 1604ல் அச்சானதில் சுமார் 3,800 வரிகள். லியர் அரசன் கதையோ இன்னும் வேடிக்கை. 1681ல் நாஹம் டேட் என்பவர் அதன் முடிவையே மாற்றி, சாக வேண்டிய கார்டீலியாவைப் பிழைக்க வைத்து, கலியாணமும் செய்து வைத்தார். விகடனையும் துரத்தி விட்டார். ஜனங்கள் 150 வருஷத்துக்கு மேல் அதைத்தான் பார்த்து மகிழ்ந்தார்கள். 1838ல் மெக்ரெடி என்னும் நடிகர்தான் பழைய முடிவையும் விகடனையும் மேடைக்குத் திருப்பிக் கொண்டு வந்தார். மகா பண்டிதராகிய டாக்டர் ஜான்சனே, கார்டீலியாவின் சாவைப் படித்து மனம் கலங்கி, அந்தக் கடைசிக் காட்சிகளைப் பதிப்பிக்க நேர்ந்த காலம் வரையில் மறுபடி படிக்கத் துணியவில்லை என்று 1765ல் எழுதியிருக்கிறார்.

ஆகவே குறுக்குவது வேறு, புரட்டுவது வேறு. சித்திரப் படத்தில் ரோமியோவும் ஜூலியெட்டும் சாகத்தான் சாகிறார்கள். "பிள்ளைகள் பயப்படுமே, அழுமே" என்றால், அழட்டும்! பார்க்கிறவன் அழுவதற்குத்தானே சோக நாடகம் எழுதியது?

புத்தகம் எதற்கு என்கிறவர்களுக்கும் பதில் உண்டு. ஹாம்லெட்டின் கதையே அவனுடைய தயக்கந்தான். செய்யலாமா, வேண்டாமா என்று அவன் நாளைக் கடத்துவதை நாமும் கூட இருந்து பொறுக்க வேண்டும். 25 நிமிஷத்தில் தயங்க இடமேது? ரயிலுக்குப் போகிறவன் மாதிரி ஓடுகிறான். மாக்பெத்துக்கு இந்த நஷ்டம் அவ்வளவில்லை. சோக நாடகங்களில் அதுதான் மிகச் சிறியது. கதையும் இயற்கையிலேயே அவசரக் கதை. ஆதலால் மாக்பெத்தைப் படத்தில் பார்த்தவனுக்குப் பெரும் பகுதி கிடைத்தது. ஹாம்லெட்டைப் பார்த்தவனுக்கு வாசல் மட்டுந்தான் கிடைத்தது. வாசலும் வேண்டியதுதான். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் படத்தைக் காட்டிய மறுநாளே புத்தகத்தைப் பிரிப்பாரானால் உள்ளே போகலாம்.

அந்த 12ல் லியர் அரசன் இல்லை என்பதுதான் நமக்கு வருத்தம். முடிவை மாற்றாமல் அதையும் எடுத்திருப்பார்களானால், டாக்டர் ஜான்சனால் தாங்க முடியாததைப் பத்து வயதுப் பையன் தாங்குகிறானா என்று பார்த்திருக்கலாம்.