கொழுப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?

இது ஆலய விஷயம் இல்ல. ஆனா ஆலய மடப்பள்ளியிலதான் ஆரம்பிச்சது.

போன ஞாயிறு அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தோம். எங்களோட பல வருசமா தொண்டு செய்யுற ஒரு ஐயா, எழுபதை நெருங்குறவர், இதயத்துல ரெண்டு ஸ்டென்ட் வச்சவர், பேச்சோட பேச்சா சொன்னாரு: "தம்பி, கொழுப்பு மாத்திரைய நிறுத்தி மூனு மாசமாச்சி. காலெல்லாம் கடுத்துச்சி. அது சதைய அரிச்சிடுமாம், புலனத்துல வந்துச்சி." எனக்கு அப்புறம் கையே ஓடல.

அந்தச் செய்தி முழுப் பொய் இல்ல, அதான் சிக்கலே. ஸ்டேட்டின் மருந்தால தசை சிதைஞ்சி, அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்குற நிலை உண்மையிலேயே இருக்கு. ராப்டோமயோலைசிஸ்னு பேரு. 2001-இல் பேயர் நிறுவனம் செரிவாஸ்டேட்டின் என்ற மருந்தைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது இதனாலதான். உயிர்கள் போச்சு.

ஆனா எவ்வளவு அரிதுன்னு அந்தச் செய்தியில இல்லையே. 10,000 பேர் 5 ஆண்டு சாப்பிட்டா, கடுமையான தசைப் பாதிப்பு சுமார் 5 பேருக்கு. அதுல ஒருத்தருக்குத்தான் ராப்டோ வரை போகலாம். ஏற்கனவே இதய நோய் உள்ள 10,000 பேருக்குக் கெட்ட கொழுப்பை 2 மில்லிமோல் குறைச்சி வச்சா, அதே 5 ஆண்டுல சுமார் 1,000 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய ஆபத்து தவிர்க்கப்படுது. ரெண்டு ஸ்டென்ட் வச்ச ஐயா எந்தப் பக்கம் நிக்கணும்?

லண்டன்ல ஒரு ஆய்வு நடந்துச்சி. உபாதைன்னு ஸ்டேட்டினை விட்டவங்களுக்கு ஒரு மாசம் நிஜ மாத்திரை, ஒரு மாசம் மருந்தில்லாத வெறும் மாத்திரைன்னு மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. உபாதையில 90 விழுக்காடு வெறும் மாத்திரையிலயும் வந்துச்சி. வலி பொய்யின்னு அர்த்தம் இல்ல, வலி நிஜம்தான். காரணம்தான் வேற.

என் கோபம் புலனத்து மேல மட்டும் இல்ல. ஐயா முதல்ல கிளினிக்லதான் சொல்லியிருக்காரு. "வயசாச்சி, அப்படித்தான்"னு ஒரே வரியில அனுப்பிட்டாங்களாம். சிகே-ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. அளவைக் குறைக்கலாம், வேற ஸ்டேட்டினுக்கு மாத்தலாம், எசெட்டிமைப் மாதிரி வேற வகை மருந்து சேர்க்கலாம். இதை அஞ்சு நிமிசம் பேசியிருந்தா அவரு புலனத்துக்குப் போயிருப்பாரா?

இதுல இன்னொரு கூத்து. மாத்திரைய விட்டுட்டு "இயற்கை" மருந்துன்னு சிவப்பு ஈஸ்ட் அரிசி வாங்கிச் சாப்பிடுறாரு. அதுல இருக்குற மோனகோலின் கே-யும் லோவாஸ்டேட்டின் மாத்திரையும் ஒரே பொருள்தான். ஒரே சாமிக்கு ரெண்டு பேரு. டப்பாவுல எவ்வளவு இருக்குன்னுதான் யாருக்கும் தெரியாது.

நிஜமா பயப்பட வேண்டியது எதுன்னா: ரெண்டு தொடையும் ரெண்டு தோளும் ஒன்னா வலிச்சி பலம் குறையுறது, தரையில உட்கார்ந்தா எழ முடியாம போறது, சிறுநீர் கோப்பி ஓ நிறத்துல போறது. அப்போ அடுத்த தவணைக்குக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்க. மாத்திரைய நிறுத்தியும் பலம் திரும்பலன்னா அதையும் சொல்லுங்க, ரொம்ப அரிதா உடம்பே தன் தசையைத் தாக்குற நோய் வரும். இருமலுக்குக் கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தா, "நான் சிம்வாஸ்டேட்டின் சாப்பிடுறேன்"னு வாயத் தொறந்து சொல்லுங்க. அது ரெண்டும் சேரக் கூடாது. தைப்பூச விரதம்னு மாத்திரைய விடுறவங்களும் நம்ம கூட்டத்துல உண்டு, எனக்குத் தெரியும்.

ஐயாவை வர்ற வியாழக்கிழமை நான்தான் கார்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். மாத்திரை அட்டையோட அந்தச் சிவப்பு அரிசி டப்பாவையும் எடுத்துக்கச் சொல்லியிருக்கேன்.