ஆறு அங்குலம்

“சார் வரலையா மேடம்?”

மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு பெரிய நகைக்கடை. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சங்கிலியை மட்டும் பர்ஸில் எடுத்துப் போயிருந்தேன். 30 அங்குலம் இருக்கிறது, 24 ஆகக் குறைத்துத் தர வேண்டும் என்றுதான் கேட்டேன். விற்பனையாளர் சங்கிலியைப் பார்த்தார், பிறகு என் கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். “தாலிச் செயினாச்சே. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு நல்ல நாளாப் பார்த்து சாரையும் கூட்டிட்டு வாங்க” என்றார். நான் எழுந்திருப்பதைக் கண்டதும் குரல் மாறியது. “இல்லேன்னா இதை அப்படியே போட்டுட்டுப் புது மாடலா ஒண்ணு எடுத்துக்குங்களேன். இன்னைக்கே பில் போட்டுரலாம்.”

சங்கிலி மொத்தமாக உருக்குச் சட்டிக்குப் போவதற்குச் சார் வர வேண்டாமா என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. படியிறங்கும்போதுதான் தோன்றியது.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சோதனைச் சாலை மேசையில் குனிந்தால் தாலி ரவிக்கைக்கு வெளியே வந்து தொங்கும். பக்கத்தில் பர்னர் எரியும், அமிலக் குப்பி திறந்திருக்கும். ஒருமுறை தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் சிந்தியது. அதன் மேல் பட்டால் தங்கம் வெளுத்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே ஒரு கையால் சங்கிலியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் கந்தகப் பொடி தூவினேன். என் பிரச்சினை அவ்வளவுதான். என் பொருள், என் கழுத்து, எனக்கு ஆறு அங்குலம் அதிகம்.

வீட்டில் கேட்டேன். கேட்கத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும், இருந்தும் கேட்டேன். பதினைந்து வருடப் பழக்கம். கணவர், “அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு” என்றார். அத்தை, “தாலிக்கொடியை வெட்டுறேன்னு வாயால சொல்லாதம்மா, குடும்பத்துக்கு ஆகாது” என்றார். சிறிது நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து, “அப்படியே வெட்டினாலும் அந்தத் துண்டு சும்மாதானே கிடக்கும், பேத்திக்குக் காதுகுத்து வருதுல்ல” என்றார். சகுனம் பார்க்கும்போதே கணக்கும் ஓடியிருக்கிறது. 30 அங்குலத்துக்கு 5 பவுன் என்றால் 6 அங்குலத்துக்கு ஒரு பவுன். 8 கிராம் தங்கம், சகோதரிகளே. என் அப்பா கடன் வாங்கிப் போட்டது.

இதே சங்கிலிக்கு ஒரு முன்கதை உண்டு. கணவர் தொழில் தொடங்கிய வருடம் இது பதினோரு மாதம் அடகில் கிடந்தது. அன்று யாரும் பஞ்சாங்கத்தைப் புரட்டவில்லை. எமகண்டத்தில் கழற்றிக் கொடுத்தேன். அடகுச் சீட்டில் நகைக்குச் சொந்தக்காரர் என்று கையெழுத்திட்டவர் அவர். பதினோரு மாதமும் நான் மஞ்சள் கயிற்றோடு வகுப்பு எடுத்தேன். குடும்பத்துக்கு ஒன்றும் ஆகாமல் போகவில்லை, மாறாக எல்லோரும் என்னை மெச்சினார்கள். ஆண்களுக்குப் பணம் வேண்டுமென்றால் அது தங்கம். நான் கை வைத்தால் அது தாலி. இந்த மந்திர மாற்றத்துக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் சமன்பாடு இல்லை.

சட்டம் இதில் குழம்பவில்லை. திருமணத்தின்போது பெண்ணுக்குப் போடப்பட்ட நகை சீதனம், அது அவளுடைய தனிச்சொத்து என்று பிரதிபா ராணி வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணவர் வீட்டார் கையில் இருந்தாலும் அவர்கள் நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர்கள்தான். திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடிக் குற்றம். 2024 ஏப்ரலில் கேரளப் பெண் ஒருவரின் 89 பவுன் வழக்கிலும் அதே நீதிமன்றம் சீதனம் கூட்டுச் சொத்து ஆகாது என்று சொல்லி, அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி கணவருக்கு உத்தரவிட்டது.

ஆனால் இன்னொரு தீர்ப்பும் நினைவில் இருக்கட்டும். 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு விவாகரத்து வழக்கு. பிரிந்த சமயத்தில் சங்கிலியைத்தான் கழற்றினேன், தாலியை வைத்திருக்கிறேன் என்று மனைவி விளக்கினார். கழற்றிய செயலுக்கே ஒரு பொருள் உண்டு, அது உச்சபட்சமான மனக் கொடுமை என்றது நீதிமன்றம். அந்த வழக்கில் வேறு சங்கதிகளும் இருந்தன. கழற்றியது மட்டுமே உறவை முறித்துவிடாது, அது ஒரு சான்றுதான் என்றும் தீர்ப்பில் உண்டு. இருக்கட்டும். ஒரு பெண் தன் கழுத்திலிருந்து தன் நகையை எடுத்தது, அவள் கணவரின் மனதுக்கு நேர்ந்த காயமாகக் கோப்பில் ஏறிவிட்டது. நகைக்கடை விற்பனையாளர் என்னிடம் கேட்டதற்கும் இதற்கும் வெகுதூரம் இல்லை.

தோழிகள் வேறு பக்கமிருந்து வந்தார்கள். “வெட்டுவானேன், கழற்றியே எறியேன்” என்றாள் ஒருத்தி. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவள், அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்த நாளிலிருந்தே தாலி கட்டாயமில்லை. மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் திருமணம் செல்லும். நான் அந்த இடத்துக்கு இன்னும் போகவில்லை. போனால் நானாகப் போவேன். என் மாமியார் சொல்லிப் போட்டுக்கொண்டிருப்பதும், என் தோழி சொல்லிக் கழற்றுவதும் எனக்கு ஒரே ரகமாகத்தான் படுகிறது. அவளுக்கு இது பிடிக்கவில்லை. இன்னும் சண்டை முடியவில்லை.

சரி, யார் வெட்டுவது? கடைக்காரர் வாங்கி வைத்துப் பட்டறைக்கு அனுப்பி, பதினைந்து நாள் கழித்து ஒரு பாலித்தீன் உறையில் தருவதை நான் விரும்பவில்லை. அதே வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வயதான பத்தர் ஒருவர் இருக்கிறார். அவரும் முதலில், “வீட்ல தெரியுமா டீச்சர்?” என்றார். “தெரியும். சம்மதம் கேட்கலை” என்றேன். சிரித்துவிட்டுச் சங்கிலியை வாங்கிக்கொண்டார்.

அடுத்து அவர் கேட்டவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். முகப்பு எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? ஒரு பக்கம் மட்டும் ஆறு அங்குலம் வெட்டினால் முகப்பு தோளுக்கு ஏறிவிடும், பக்கத்துக்கு மூன்றாக வெட்ட வேண்டும். உள்ளே கூடான சங்கிலியா, கெட்டியா? கூடு என்றால் சூட்டில் அமுங்கும். முறுக்குச் சரடு என்றால் இழை பிரியும், அதற்கு வேறு வேலை. என்னுடையது கெட்டிக் கண்ணி. முத்திரை இருக்கும் கொக்கிப் பக்கத்தில் கை வைக்க மாட்டேன் என்று அவரே சொன்னார். 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து விற்கும் நகைகளில் ஆறு இடத்து அடையாள எண்ணும் இருக்கும். அது போய்விட்டால் பின்னால் விற்கும்போது தரத்தை நாம் நிரூபிக்க வேண்டும். என் பங்குக்கு ஒன்று சொன்னேன்: காட்மியம் கலந்த பொடி வேண்டாம், உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது.

முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் தராசு. பிறகு கத்திரியால் நான்கு வெட்டு, கண்ணியைச் சாமணத்தால் பிடித்து, வெங்காரம் தடவி, பொடி வைத்து, சுடரை ஒரு நொடி காட்டினார். அமிலத்தில் போட்டு எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்தார். மறுபடி தராசு. சங்கிலி 32 கிராமுக்குச் சற்று மேலே, வெட்டிய துண்டுகள் 8 கிராமுக்குச் சற்றுக் கீழே. அரப்பொடியைக்கூடத் தாளில் தட்டிக் கொடுத்தார். கூலி 300 ரூபாய். நீங்கள் போனாலும் உட்கார்ந்து பாருங்கள்; நம்பிக்கை இல்லையா என்று முகம் சுளிக்கும் இடத்தில் நகையைக் கொடுக்காதீர்கள். துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். எடை எழுதிய சீட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை, ராகு காலம். வேண்டுமென்று பார்த்துப் போகவில்லை, எனக்கு அன்றுதான் மத்தியானம் வகுப்பு இல்லை.

காதுகுத்துக்கு என் சம்பளத்தில் ஒரு ஜோடி தோடு வாங்கிப் போட்டேன். குழந்தை என்ன பாவம் செய்தது? அத்தை வாங்கிக்கொண்டார். துண்டு எங்கே என்று கேட்டார். “என்கிட்ட இருக்கு அத்தை” என்றேன். எங்கே வைத்திருக்கிறேன் என்று கணவரும் ஒருநாள் கேட்டார். அவருக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன்.