இலவச சிகிச்சையிலும் வருமானம் உண்டு: கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனை கவனிக்க வேண்டிய கணக்கு

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறுபவர்களுக்கு பொம்மசந்திரா நன்றாகத் தெரியும். இதய அறுவை நிபுணர் தேவி ஷெட்டி 2000-ல் தொடங்கிய நாராயண ஹிருதயாலயா அங்குதான் இருக்கிறது. நெஞ்சு வலி என்றால் எல்லை தாண்டி அங்கே ஓடுபவர்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உண்டு. குறைந்த கட்டணத்தில் ஆபரேஷன் செய்தும் அந்த மருத்துவமனை எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. தியேட்டரில் ஒரு நாளைக்கு இரண்டு ஆபரேஷன் நடந்தாலும் ஆறு நடந்தாலும் மெஷின் விலை, ஏசி, நர்ஸ் சம்பளம் எல்லாம் கிட்டத்தட்ட அதேதான். ஆறு நடந்தால் ஒவ்வொருவர் தலையிலும் விழும் செலவு குறைந்துவிடும். இன்னொன்று, வரவு செலவுக் கணக்கு டாக்டர்களின் செல்போனுக்குத் தினமும் போய்விடும். மாசக் கடைசியில் தெரிந்து என்ன பயன்? செலவுதான் முடிந்துபோயிருக்குமே. (வருமானத்தை மட்டும் டாக்டருக்குக் காட்டினால் தேவையில்லாத ஸ்கேன் கூடும். அந்த ஆபத்தும் இதில் இருக்கிறது.)

சரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு இதெல்லாம் எதற்கு? காசே வாங்காத இடத்தில் என்ன லாப நஷ்டம் என்று தோன்றலாம். அங்கேதான் விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்து சிகிச்சை கொடுத்தால், அரசு மருத்துவமனைக்கும் க்ளெய்ம் பணம் வரும். மருத்துவமனைத் தேவைகளுக்கும் ஊழியர்களின் ஊக்கத்தொகைக்கும் அது உதவும். பதிவு செய்யாவிட்டாலும் நோயாளிக்குச் சிகிச்சை இலவசம்தான். அதனால் வராமல் போன பணம் யார் கண்ணிலும் படாது.

ஓசூர் பக்கம் இது இன்னும் சிக்கல். கட்டுமானத்திலும் சின்னப் பட்டறைகளிலும் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் பலருக்கு இஎஸ்ஐ கிடையாது. தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் வசித்ததற்கு உரிய சான்று இருந்தால் முதல்வர் காப்பீட்டில் அவர்களும் சேரலாம். ராத்திரி எலும்பு முறிந்து வருபவரிடம் அந்தச் சான்றைக் கேட்டால் எங்கிருந்து வரும்? தொழிலாளர் துறை சைட்டுக்கே போய் முகாம் போட்டு முன்கூட்டியே சேர்க்க வேண்டும். காப்பீட்டு கவுன்டரில் இரவிலும் ஆள் இருக்க வேண்டும். திட்டத்தில் வரும் சிகிச்சை நேற்று எத்தனை பேருக்கு நடந்தது, அதில் எத்தனைக்கு க்ளெய்ம் போட்டார்கள்? இந்த இரண்டு எண்கள் தினமும் காலையில் டீனின் செல்போனுக்குப் போனாலே ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.