முந்தாமலே வென்ற தங்கம்

கார் பந்தயப் பதக்கம், கோப்பை என்றாலே முதலில் வந்தவருக்குக் கொடுத்தது என்றுதான் நினைப்போம். ஆனால் பழைய பந்தயப் பரிசுகளைச் சேகரிப்பவர்கள் பெரிதும் மதிக்கும் ஒன்றுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் ராலியில் வழங்கப்பட்ட 'ஆல்ப்ஸ் கோப்பை' அது.

அதற்கு யாரையும் முந்த வேண்டியதில்லை. மலைப்பாதைகளில் நாள் கணக்கில் ஓட்டி, ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் குறித்த நேரத்துக்குள் வந்துசேர வேண்டும். தாமதித்தால் அபராதப் புள்ளி, கோப்பை போச்சு. புள்ளி இழக்காத அத்தனை பேருக்கும் கோப்பை உண்டு. ஒருவருமே தேறாவிட்டால் ஒருவருக்கும் இல்லை!

கேட்க எளிதுதான். ஆனால் அந்த மலைகளில் உள்ள ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினாலே நமக்குத் தலை சுற்றுகிறது. 1950களின் பிரேக்கை நம்பி அங்கே கடிகாரத்தோடு போட்டி போடுவதை எண்ணிப் பாருங்கள்.

தொடர்ந்து மூன்று ஆண்டு புள்ளி இழக்காதவருக்குத் தங்கக் கோப்பை. விட்டுவிட்டு மூன்று முறை என்றால் வெள்ளி. முதல் தங்கம் 1952இல் இங்கிலாந்தின் இயன் ஆப்பிள்யார்டுக்குக் கிடைத்தது. மூன்று ஆண்டும் அவர் ஓட்டியது ஒரே ஜாகுவார் எக்ஸ்கே 120. பக்கத்து இருக்கையில் வழிகாட்டியவர் மனைவி பேட். ஜாகுவாரை உருவாக்கிய வில்லியம் லயன்ஸின் மகள். மாமனார் நிறுவனத்துக் கார் என்று சிலர் முணுமுணுக்கலாம். மலைச்சரிவில் மாமனார் வந்து பிரேக் பிடிக்கப்போவதில்லையே!

இத்தகைய பரிசை ஏலத்தில் பார்த்தால், பளபளப்பில் மயங்காதீர்கள். பொறித்த பெயரையும் ஆண்டையும் அந்த ஆண்டின் முடிவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பெயரில்லாத கோப்பை வெறும் உலோகம்தான்.

இரண்டாவது தங்கம் 1954இல் ஸ்டெர்லிங் மாஸுக்குப் போனது; முதல் ஆண்டு சன்பீம் டால்பாட், அடுத்த இரண்டு ஆண்டுகளும் சன்பீம் ஆல்பைன். பிறகு ஃபார்முலா ஒன் உலகப் பட்டியலில் 1955 முதல் 1958 வரை நான்கு ஆண்டும் இரண்டாம் இடத்திலேயே நின்றவர் இதே மாஸ்தான்.