சூட்டுக்குச் சாகுமா புற்று?

புற்றணுக்களுக்குச் சூடு ஆகாது, உடம்பு முழுவதையும் சூடேற்றினால் முற்றிய புற்றும் கரைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். சூடான தேங்காய்த் தண்ணீர் புற்றைக் கொல்லும் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை இயக்குநர் பெயரைப் போட்டே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. அது பொய்யென்று அந்த மருத்துவமனையே மறுத்தது. செய்தி போன வீடுகளுக்கெல்லாம் மறுப்பு போய்ச் சேர்ந்திருக்காது. வெளிச்சூடு புற்றைக் கொல்லுமானால் செஞ்சியில் யாருக்கும் அந்த நோய் வரக் கூடாது; கத்திரி வெயிலில் கோட்டைப் பாறைகள் தகிக்கிற தகிப்பு போதும். வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் வியர்வை உடம்பை 37-ஐ ஒட்டியே வைத்திருக்கிறது. குடித்த வெந்நீர் வயிற்றுக்குள் போன சிறிது நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு இறங்கிவிடும்.

சூட்டுக்கு மருத்துவத்தில் இடமே இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆய்வகத் தட்டில் 42, 43 டிகிரியில் புற்றணுக்கள் சாகத் தொடங்குவது உண்மை. கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றிய பெண்களுக்குக் கதிர்வீச்சோடு இடுப்புப் பகுதியை மட்டும் சூடேற்றிய நெதர்லாந்து ஆய்வு 2000-இல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 27 சதவீதம். சூடும் சேர்ந்தவர்களில் 51. ஆனால் அது ஓரிடத்துச் சூடு, அதுவும் கதிர்வீச்சுக்குத் துணையாக. உடம்பு முழுவதும் என்றால் கணக்கே வேறு. 1970-களில் எடின்பரோவில் நோயாளிகளுக்கு மயக்கமருந்து கொடுத்து உருகிய மெழுகில் கிடத்தினார்கள். எட்டிய சூடு 41.8 டிகிரி. அதைத் தாண்டினால் புற்றுக்கு முன்னால் மூளையும் ஈரலும் கெடும். இத்தனைக்கும் பிறகு, முழு உடல் சூடு தனியாக ஆயுளைக் கூட்டியது என்று நிறுவிய பெரிய ஒப்பீட்டு ஆய்வு ஒன்றும் இல்லை.

காய்ச்சல் வந்து கட்டி சுருங்கிய கதைகள் உண்டே என்பார்கள். உண்டு. 1890-களில் நியூயார்க்கில் வில்லியம் கோலி கிருமியை ஊசியில் ஏற்றிக் காய்ச்சலை வரவழைத்தார். சிலருக்குக் கட்டி சுருங்கியது, சிலர் அந்தத் தொற்றிலேயே இறந்தார்கள். அங்கே வேலை செய்தது கிருமி தட்டியெழுப்பிய நோயெதிர்ப்பு என்பதே இன்றைய விளக்கம். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இன்று பிசிஜி மருந்து கொடுப்பதும் அந்த வழியில்தான்; அதற்கு யாரையும் வேக வைக்க வேண்டியதில்லை.

டாக்டரே கைவிட்ட பிறகு இழக்க என்ன இருக்கிறது என்ற கேள்விதான் கனமானது. இழக்க நிறைய இருக்கிறது. கீமோவில் பாதம் மரத்துப்போனவருக்கு வெந்நீர் ஒத்தடம் கொப்புளமான பிறகுதான் தெரியும். வாந்தியில் நீர் வற்றியவரை நீராவிப் பெட்டியில் உட்கார வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கிச் சரிவார். நோயைக் குணமாக்க முடியாது என்று டாக்டர் சொல்வது வைத்தியமே இல்லை என்பதாகாது. வலிக்கு மார்ஃபின் இருக்கிறது, மூச்சுத்திணறலுக்கும் வாந்திக்கும் மருந்து இருக்கிறது. அதற்குச் செஞ்சியில் பஸ் ஏறினால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை சில மணி நேரப் பயணம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.