பார்சல் போதாது, பந்தியில் இடம் வேண்டும்

விடுமுறை வந்தால் அமெரிக்கக் குடும்பங்கள் காரில் கிளம்பிவிடுகின்றன. போகும் வழியில் அந்தந்த வட்டாரத்துப் பார்பிக்யூ கடையில் நிறுத்திச் சாப்பிடுவது அந்தப் பயணத்தின் பாதி இன்பம். கரோலினா பக்கம் வினிகர் சேர்த்த பன்றிக்கறி, டெக்சாஸில் மாட்டின் நெஞ்சுக்கறி என்று ஊருக்கு ஒரு பக்குவம். குழி வெட்டி, விறகு அடுக்கி, இரவெல்லாம் கண்விழித்து இந்தக் கறியைச் சுட்டுப் பழக்கியவர்களில் பெரும் பங்கு, தெற்குப் பண்ணைகளில் அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்கள். கான்சஸ் சிட்டி பார்பிக்யூவின் தந்தை எனப்படும் ஹென்றி பெரி கறுப்பினத்தவர்தான்.

சுட்டவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட இடம் இருந்ததா? நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

தெற்கு மாநிலங்களில் கறுப்பினக் குடும்பம் காரில் புறப்பட்டால், பொரித்த கோழியும் அவித்த முட்டையும் வீட்டிலேயே கட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். எந்தக் கடையில் விரட்டுவார்கள் என்று தெரியாது. நியூயார்க் தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், கறுப்பினத்தவரை ஏற்கும் விடுதிகளையும் உணவகங்களையும் தொகுத்து 1936இல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டார். நியூயார்க் வட்டாரத்தில் தொடங்கிய அந்தப் புத்தகம் பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது. சாப்பாட்டுக்கு வழி தேட ஒரு சமூகத்துக்குத் தனிப் புத்தகம் தேவைப்பட்டது என்றால், அந்தச் சாலைகள் யாருக்காகப் போடப்பட்டவை?

அலபாமாவின் பர்மிங்காமில் 'ஆலிஸ் பார்பிக்யூ' என்ற கடை. 220 பேர் உட்காரலாம். ஊழியர் 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பின வாடிக்கையாளருக்குப் பார்சல் மட்டும்தான். உழைப்பு வேண்டும், காசு வேண்டும், பக்கத்தில் உட்காரக் கூடாது. 1964 ஜூலையில் குடியுரிமைச் சட்டம் வந்ததும் கடைக்காரர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். அவர் வாங்கும் இறைச்சியில் பெரும்பகுதி வெளிமாநிலத்திலிருந்து வருகிறது, ஆகவே மத்திய சட்டம் அவரைக் கட்டுப்படுத்தும் என்று அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

தென் கரோலினாவில் 'பிக்கி பார்க்' என்ற பார்பிக்யூ கடைகளின் உரிமையாளர், தன் மத நம்பிக்கையைக் காட்டி மறுத்துப் பார்த்தார். ஆன் நியூமன் என்ற பெண்ணும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1968இல் அந்த வாதம் எடுபடவில்லை. பாகுபாட்டை எதிர்த்து வழக்காடி வெல்பவர் தனக்காக மட்டும் போராடவில்லை, பொதுநலனுக்காகவும் போராடுகிறார். எனவே வழக்கறிஞர் செலவைப் பொதுவாக எதிர்த்தரப்பே தர வேண்டும் என்றது நீதிமன்றம்.

இதெல்லாம் நமக்குத் தூரத்துக் கதையில்லை. 1901இல் சிறுவன் அம்பேத்கர், அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க கோரேகானுக்குப் புறப்பட்டார். மாட்டுவண்டி பிடிக்க இரட்டை வாடகை தர வேண்டியிருந்தது. கட்டுச்சோறு கையில் இருந்தும், தண்ணீர் தருவார் இல்லாமல் பிள்ளைகள் பட்டினியாகப் படுத்தார்கள். அந்தப் பிள்ளை பின்னாளில் தலைமையேற்ற குழு வரைந்த அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு, கடைக்கும் உணவகத்துக்கும் போக எந்தச் சாதியாருக்கும் தடை கூடாது என்கிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைத் தடைச் சட்டம், உணவகத்துப் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதையும் குற்றமாக்கியது. அமெரிக்கச் சட்டத்தைவிட இவை மூத்தவை.

இன்று நம் குடும்பங்கள் வேன் பிடித்து வேளாங்கண்ணிக்கோ குற்றாலத்துக்கோ போகிறார்கள். நெடுஞ்சாலை உணவகத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. தீண்டாமை ஒழிந்துவிட்டது என்பதற்கு இதைச் சாட்சியாகச் சொல்பவர்கள் உண்டு. அங்கே நம்மை யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். தோலின் நிறம் அமெரிக்காவில் எந்த ஊரிலும் காட்டிக்கொடுக்கும். இங்கே காட்டிக்கொடுப்பது தெருவின் பெயர். எனவே சோதனை நெடுஞ்சாலையில் இல்லை, நம்மை நன்றாகத் தெரிந்த சொந்த ஊர் டீக்கடையில் இருக்கிறது. இரட்டைக் குவளை சில ஊர்களில் காகிதக் குவளையாக வேடம் மாறியிருக்கிறது. ஊர்த்தெருக்காரருக்குக் கண்ணாடி கிளாஸும் பெஞ்சும், காலனிக்காரருக்குக் காகிதக் கப்பும் நின்று குடிக்கிற இடமும் என்றால் அதுவும் பர்மிங்காம் பார்சல்தான்.

புகார் கொடுக்கச் சொல்வது எளிது. கொடுத்தவருக்கு மறுநாள் வயல்வேலை இல்லை, மளிகைக் கடையில் கடன் இல்லை. ஆகவே சுமையைத் தனி ஆளின் தலையில் ஏற்றக் கூடாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தில் டீக்கடைகளின் நிலையும் பேசப்பட வேண்டும். அதிகாரிகள் ஜீப்பில் முன்கூட்டித் தகவல் சொல்லி வராமல், சாதாரண வாடிக்கையாளராக வந்து பார்க்க வேண்டும். புகார் கொடுத்தவருக்கு வழக்குச் செலவும், இழந்த கூலியும் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

காசு கொடுக்கிற எவருக்கும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்ச். நாம் கேட்பது இவ்வளவே.